தட்டைப்புழுவை ஒழிக்க ஆள் கூப்பிடுவதற்கு முன்

உங்கள் ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில்) சிவப்புத் தட்டைப்புழு பெருகி, "ஒரே டோஸில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொல்லியிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பவளம் விற்றவர் அதோடு புழுவையும் சேர்த்து விற்றார். அப்புறம் புழுவைக் கொல்லக் காசு வாங்கினார். அந்த வேலையில் என் மீன்களும் போயின.

"டிப் செய்தது, குவாரன்டைனில் வைத்தது" என்று, அதாவது புழு பூச்சி உதிர மருந்துத் தண்ணீரில் முக்கி, தனித் தொட்டியில் வைத்துக் கண்காணித்தது என்று சொல்லித்தான் அந்த ஸோவாந்தஸ் பவளத்துக்குக் கூடுதல் விலை வாங்கினார். வந்த கொஞ்ச நாளில் ஃபிராக் (பவளத் துண்டு) ஒட்டியிருந்த கட்டையின் ஓரத்தில் துரு நிறப் புள்ளிகள். படம் அனுப்பினேன். "பாசி சார், விடுங்க" என்றார். பாசி நகருமா? டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகிறது. பெரியதே 5, 6 மில்லிமீட்டர்தான், வால் பக்கம் மட்டும் பிரிந்து பிரிந்து இருக்கும். இந்த வகை உடம்பிலேயே மொட்டு விட்டுப் பெருகும். ஒன்று தப்பினாலும் போதும், சீக்கிரமே பாறை முழுக்கப் படர்ந்துவிடும். பவளத்தைக் கடித்துத் தின்னாது. ஆனால் மேலே போர்வையாகப் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும்.

அக்ரோபோரா என்ற பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு வேறு இனம். அது பவளத்தின் செத்த அடிப்பகுதியில் முட்டைகளை ஒட்டி வைக்கும். டிப் அந்த முட்டையை ஒன்றும் செய்யாது, அதனால்தான் முட்டை பொரிகிற கணக்குக்கு ஏற்ப டிப்பைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அந்தப் புழு தப்பி வந்திருந்தால்கூட விற்றவர் பக்கம் ஒரு நியாயம் இருந்திருக்கும். துரு நிறப் புழு அப்படியில்லை. டிப் தண்ணீரில் வைத்து நன்றாகக் குலுக்கினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும், வெள்ளை வாளியில் கண்ணுக்கும் தெரியும். அவர் டிப்பும் செய்யவில்லை, பார்க்கவும் இல்லை.

சரி, வந்தது வந்துவிட்டது, நீங்களே சரிசெய்யுங்கள் என்றேன். லேபிள் இல்லாத ஒரு பாட்டிலோடு வந்தார். என்ன மருந்து என்று கேட்டால் "நம்ம ஸ்பெஷல் மிக்ஸ் சார், ரீஃப் சேஃப்" என்றார். பாறையும் மணலும் போக டேங்கில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில்) எவ்வளவு, ஒன்றும் கேட்கவில்லை. மூடியில் ஊற்றி ஒரே கவிழ்ப்பு. "காலையில பாருங்க, கிளீனா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. புழுக்கள் சுருண்டு, பிடி விட்டு, அலையில் கிளம்பின. துருவைச் சுரண்டித் தொட்டியில் கொட்டியது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் யெல்லோ டாங் மீன் மேல்மட்டத்துக்கு வந்து செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டது. போன் போட்டேன். "மருந்து வேலை செய்யுது சார், பயப்படாதீங்க" என்றார். முதலில் போனது டாங், அப்புறம் கிளீனர் இறால். க்ளவுன் மீன் ஜோடி மட்டும் எப்படியோ தப்பித்தது.

அவர் சொல்லாமல் விட்டது இதுதான்: இந்தப் புழுக்கள் சாகும்போது அவற்றின் உடம்பிலிருந்து நச்சு கசியும். பத்து இருபது செத்தால் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் டேங்கே விஷம். அதனால் உருப்படியாக வேலை செய்கிறவர் மருந்தைத் தொடுவதற்கு முன்னால் மெல்லிய டியூபைப் போட்டுப் பல நாள் புழுவை உறிஞ்சி வெளியே எடுப்பார். எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து. பக்கத்திலேயே உட்கார்ந்து, செத்து மிதப்பதையும் அவ்வப்போது உறிஞ்சுவார். அது முடிந்ததும் நச்சை உறிஞ்சும் புது ஆக்டிவேட்டட் கார்பனைத் தாராளமாகப் போட்டு, முன்பே கலந்து அதே சூட்டிலும் அதே உப்பளவிலும் வைத்திருந்த தண்ணீரால் பெரிய அளவில் மாற்றுவார். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சம் இருப்பவற்றுக்கு ஒரு வாரம் போல விட்டு மறுபடியும். இதில் தொழில் ரகசியம் என்று எதுவும் இல்லை, பொறுமையான வேலை, அவ்வளவுதான். அந்தப் பொறுமைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். என்னிடம் வந்தவரின் பையில் கார்பன் ஒரு கைப்பிடிகூட இல்லை.

மறுநாள் பேச்சு மாறியது. "உங்க தண்ணியில அம்மோனியா ஏறியிருக்கு, அதுக்கு நாங்க என்ன பண்றது?" அத்தனையும் செத்து அழுகினால் அம்மோனியா ஏறாமல் என்ன செய்யும்?

இதற்குப் பிறகும் ஆள் அடங்கவில்லை. சலுகை விலையில் ஒரு நீலக் கோடு போட்ட ஓடில்லாக் கடல் நத்தை, செலிடோனுரா வேரியன்ஸ், அனுப்புவதாகச் சொன்னார். அது இந்தப் புழுவைத் தின்பது உண்மைதான். ஆனால் அதற்கு வேறு சாப்பாடு கிடையாது. புழு செத்துப்போன டேங்கில் விட்டால் பட்டினியில் சாகும், இல்லையென்றால் பவர்ஹெட்டில் (தண்ணீரைச் சுழற்றும் பம்பில்) மாட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர் கொடுத்த பில்லில் "டேங்க் சர்வீஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது, மருந்தின் பெயர் இல்லை. நீங்கள் யாரை அழைத்தாலும் மருந்தின் பெயர், அளவு, கார்பனும் தண்ணீர் மாற்றமும் யார் பொறுப்பு, மீன் செத்தால் என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.