நியான் டெட்ராவும் நெல்லை வெயிலும்: மூன்று கோடைக்குப் பிறகு

"அண்ணாச்சி, நியானுக்கு எத்தனை வாட் ஹீட்டர் போடணும்?" பங்குனி பிறந்தால் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார். நியான் டெட்ரா கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் சின்ன அழகு மீன். திருநெல்வேலியில் அதற்கு ஹீட்டரே வேண்டாம். இந்த மீன் கேட்பது 22 முதல் 26 டிகிரி. மார்கழி ராத்திரியில்கூட வீட்டுக்குள் இருக்கும் தொட்டி அதற்குக் கீழே இறங்காது. நமக்கு வேண்டியது தண்ணீரைக் குளிர வைக்க ஒரு வழி. அதைச் சொல்லாமல் மீனோடு ஹீட்டரையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். மீன் மேல் ஒரு கோபமும் இல்லை.

மீனில் குறை சொல்ல என்ன இருக்கிறது? 3 சென்டிமீட்டர் உடம்பு. அடுத்த மீனின் வாலைக் கடிக்காது. 10 உருப்படிக்கு மேல் விட்டால் சேர்ந்து நீந்தும், சேர்ந்து திரும்பும். உடம்பில் ஓடும் அந்த நீலக் கோடு சாயம் இல்லை. தோலில் அடுக்கியிருக்கும் குவானின் படிகத் தகடுகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் தெரிகிற நிறம். இருட்டில் அந்தத் தகடுகளின் இடைவெளி மாறி நீலம் மங்கிவிடும். அதனால்தான் காலையில் லைட் போட்டவுடன் மீன் வெளிறித் தெரியும், கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பும். புதிதாக வளர்ப்பவர்கள் இதை நோய் என்று நினைத்து மருந்தை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். பகலிலும் நிறம் திரும்பாமல், முதுகுப் பக்கம் சதை பால்போல வெளுத்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றால் அதுதான் நியான் நோய். அதற்கு மருந்து கிடையாது. உடனே பிரித்து வைக்க வேண்டும். செத்த மீனை மற்றவை கொத்தினால் அவற்றுக்கும் பரவும்.

இனி வெயிலுக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரை வீட்டில் சாயங்காலம் 4 மணிக்குத் தெர்மாமீட்டரைப் பாருங்கள், 31, 32 காட்டும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 32-ல் அது 7.3 ஆகிவிடும். சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிற நேரத்தில்தான் இந்தக் குறைவு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் சூட்டோடு ஏறும். அன்றைக்கே ஒன்றும் சாகாது. மெலியும், நிறம் குறையும், பிறகு ஒன்றொன்றாகப் போகும். பழி மட்டும் தீனி மேல் விழும்.

ஐஸ் பாட்டில் போடாதீர்கள். உறைந்த 1 லிட்டர் பாட்டில் 50 லிட்டர் தொட்டியைச் சட்டென்று 2 டிகிரி இறக்கும். உருகி முடிந்ததும் சூடு திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் வெள்ளைப்புள்ளி நோய் வருகிறது.

கம்ப்யூட்டர் கேபினட்டில் வரும் 12 சென்டிமீட்டர், 12 வோல்ட் ஃபேன் ஒன்று போதும். தொட்டி விளிம்பில் சாய்த்துக் கட்டி, காற்று தண்ணீரின் மேல்பரப்பை வழித்துக்கொண்டு போகிற மாதிரி வையுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டுங்கள், நியான் துள்ளி வெளியே விழும். 1 லிட்டர் ஆவியானால் 50 லிட்டர் தண்ணீரை 11 டிகிரி குளிர வைக்கும் அளவுக்குச் சூடு போகும். ஆனால் அறைச் சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நமக்கு மிஞ்சுவது 2, 3 டிகிரி. கோடை மழை பெய்து புழுங்கும் நாளில் அதுவும் கிடைக்காது. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் ஃபில்டரை எடுத்துவிடுங்கள், அதன் சூடு முழுவதும் தொட்டிக்குள்தான் இறங்கும். ஏர் பம்ப் வெளியே இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது.

பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் வரும். அன்றைக்கு ஃபேனும் ஏர் பம்பும் சேர்ந்து நிற்கும். வைஃபை மோடத்துக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் 12 வோல்ட் என்றால் ஃபேனை அதில் ஓட்டலாம். ஏர் பம்புக்குப் பேட்டரியில் ஓடும் வகை தனியாக ஒன்று வாங்கி வையுங்கள்.

என்னை இன்னும் படுத்துவது ஃபேனுக்குப் பிறகு வரும் தொல்லை. தினமும் 1 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குறையும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 1000 காட்டும் போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஈடு கட்டினால் ஒரே மாதத்தில் 50 லிட்டர் தொட்டியில் 600 கூடிவிடும். மென்மையான தண்ணீரில் வாழும் அமேசான் மீனுக்கு இது ஆகாது. குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். வாரம் 10 லிட்டர் மாற்றுவதற்குத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் நல்லது. வாளியில் பிடித்து, ஏர் பம்பின் காற்றைக் குமிழியாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டால் குளோரின் போய்விடும். உதிர்ந்து காய்ந்த வாதாம் மர இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், அது நியானுக்குப் பிடிக்கும்.

இத்தனையும் செய்தால் மீன் நிற்கிறது. என் தொட்டியில் நிற்கிறது. ஆனால் வாங்கலாமா என்று கேட்டால், மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். கார்டினல் டெட்ரா வாங்குங்கள். அமேசானில் சேரும் ரியோ நீக்ரோ ஆற்றின் வெதுவெதுப்பான தண்ணீர் மீன் அது, 28, 29 வரை தாங்கும், சிவப்பும் நியானைப் போலப் பாதி உடம்போடு நிற்காமல் முழு நீளம் ஓடும். கணக்குப் பார்த்தால் நம்ம ஊருக்குப் பொருத்தம் அதுதான். விலை கூடுதல்.

நியான்தான் வேண்டும் என்று மனசு நிற்கிறதா? தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் ஆனிச் சாரலில் வாங்கலாம். பாளையங்கோட்டைப் பக்கம் அப்போது வருவது வெறும் காற்று. வெயில் அப்படியேதான் இருக்கும். ஐப்பசி மழை விழட்டும். அதுவரை தொட்டியை மீன் இல்லாமல் ஓடவிட்டுப் பழக்கி, ஹீட்டருக்கு வைத்த காசில் ஃபேனை வாங்கிக் கட்டிவிடுங்கள்.