‘கன்ஃபார்ம் பேர்’ (உறுதியான ஆண்-பெண் ஜோடி) என்று சொல்லி என்னிடம் விற்ற ரெட் ஹெட் மீன்கள்

மண் தின்னும் சிக்லிட் என்ற வளர்ப்பு மீனை வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்கள் முக்கியமாகப் படியுங்கள். என்னிடம் விற்றவர் இந்தப் பக்கம்தான் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். இதே வழியில் விற்கிறவர்கள் வேறு பேரும் இருக்கிறார்கள்.

எனக்கு அவிநாசி. எட்டு வருஷமாக மீன் வளர்க்கிறேன். ஏஞ்சல், செவரம் எல்லாம் வளர்த்த பிறகு ஜியோபேகஸ் என்கிற இந்த மண் தின்னும் மீன் மேல் ஆசை வந்தது. பெயரே கிரேக்கத்தில் ‘மண் தின்னி’ என்றுதான் அர்த்தம். 1840-இல் ஹெக்கெல் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி வைத்தது. மீன் மண்ணை விழுங்குவதில்லை. தலையைச் சாய்த்து ஒரு வாய் மணலை அள்ளும், மெல்லுவது போல வாயை அசைக்கும், உள்ளே இருக்கிற புழு, பூச்சியை வடித்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாகப் புகை மாதிரி விட்டுவிடும். முறத்தில் அரிசி புடைக்கிறதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் ஐந்தடித் தொட்டி செய்தேன். அம்மா வீட்டில் மாடி எடுத்தபோது மிஞ்சிய ஆற்று மணல் இரண்டு மூட்டை கிடந்தது. அதை மாவு சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசிப் போட்டேன்.

ஜியோபேகஸில் நான் தேடிய வகை டபாஜோஸ் ரெட் ஹெட். பிரேசிலில் டபாஜோஸ் ஆற்றில் இருக்கிற மீன்; அந்த ஆறு சான்டரெம் ஊருக்குப் பக்கத்தில் அமேசானில் கலக்கிறது. நெற்றி செம்பு மாதிரி சிவந்து, உடம்பில் நீலப்பச்சைக் கோடு ஓடும். வளர்ந்தால் ஏழெட்டு அங்குலம் வரும்.

ஆடி 18 கழிந்த ஞாயிற்றுக்கிழமை கோவையில் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் வரிசையாகத் தொட்டிகள். எல்லாம் வெறுந்தொட்டி, அடியில் ஒரு பிடி மணல்கூட இல்லை. “சுத்தம் பண்றதுக்கு ஈசிங்ணா, ப்ரீடிங் பண்றவிய எல்லாருமே இப்படித்தான் வெச்சிருப்பாங்க” என்றார். அது நியாயமான பேச்சுத்தான், பலரும் அப்படி வைத்திருப்பது உண்மை. நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அங்கேதான் நான் தவறினேன்.

ஒரு தொட்டியில் ஆறு அங்குலத்தில் இரண்டு மீன். “இது கன்ஃபார்ம் பேருங்ணா, ரெண்டு தடவை குஞ்சு எடுத்தாச்சு” என்று சொல்லி போனில் ஒரு வீடியோ காட்டினார். பெண் மீன் கல்லின் மேல் முட்டை வைக்கிறது, வைத்த கையோடு ஒவ்வொன்றாக வாயில் எடுத்துக்கொள்கிறது. பின்னால் ஆண் மீன் ஒன்று சிவந்த நெற்றியோடு மங்கலாகப் போகிறது. பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பக்கத்துத் தொட்டியில் இரண்டு அங்குலக் குட்டிகள், அந்த வயதிலேயே நெற்றி சிவந்து, வால் நுனி நீண்டு, அத்தனை அழகு. “எங்க தண்ணி சிறுவாணிங்ணா, அதான் கலர் இப்படி ஏறுது.” ஜோடி 8,500, குட்டி நான்கு தலைக்கு 900. மொத்தம் 12,100 ரூபாயை அவர் எண்ணுக்கு ஜிபே செய்தேன். பில் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கவரைத் தொட்டியில் மிதக்க விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று கவர் தண்ணீரில், கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 940 காட்டியது. சிறுவாணித் தண்ணீர் இந்த எண்ணின் பக்கத்தில்கூட வராது. மீன் கழிவால் தண்ணீரில் சேர்கிற நைட்ரேட்டுக்கு டெஸ்ட் போட்டேன், டெஸ்ட் குழாய் ரத்தச் சிவப்பாக மாறியது, அதாவது அளவு மிக அதிகம். என் போர் தண்ணீர் 1,300 என்பதால் ஆர்.ஓ. கலந்து 200-இல் தொட்டி வைத்திருந்தேன். 940-இலிருந்து 200-க்கு ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று சொட்டுச் சொட்டாகக் குழாய் வைத்து நாலு மணி நேரம் பழக்கி விட்டேன். அன்றைக்கே போன் செய்து கேட்டேன். “கோடைல போர் தண்ணி கொஞ்சம் கலந்திருப்போங்ணா.” ஆடியில் கோடை எங்கே வந்தது?

முதல் வாரம் எந்த மீனும் மணலைத் தொடவில்லை. புது இடம் என்று பொறுத்தேன். இரண்டாம் வாரம் ஒரு குட்டி மணலை அள்ளியது. கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அள்ளிய மணலைச் செவுள் வழியாக விடாமல் முழுவதையும் வாய் வழியாகவே துப்பியது, துப்பிவிட்டு மூச்சு வாங்கியது. ஒரு பக்கச் செவுள் மூடி சரியாக மூடாமல் உள்ளே வெளிறித் தெரிந்தது. வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. பின்னால் வெள்ளை நூல் மாதிரி மலம் தொங்கியது. தீவனத்தை வாயில் வாங்கும், துப்பும். ஃப்ரோசன் புழு கொடுத்தாலும் அதேதான்.

குடலில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி பெருகினால் இப்படித்தான் ஆகும். அழுக்குத் தண்ணீரில் நெருக்கி வைத்த மீனுக்கு இது சுலபமாக வரும். இந்த வகை மீனுக்கு நைட்ரேட் ஏறிய தண்ணீர் ஆகவே ஆகாது, முற்றினால் தலையில் ஊசி குத்தின மாதிரி குழி விழும். தண்ணீரைச் சூடேற்றி, மெட்ரோனிடசோல் தீவனத்தில் கலந்தும் தண்ணீரில் போட்டும் பார்த்தேன். தின்னாத மீனுக்கு மருந்து எப்படி உள்ளே போகும்? ஐந்து வாரத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன. கடைசியாகப் போனது இரண்டு நாள் ஃபில்டர் ஓரத்திலேயே சாய்ந்து கிடந்தது. என் மகள் பள்ளிக்குப் போகும்போதும் வந்த பிறகும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். பன்னிரண்டாயிரம் போனதைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

மிஞ்சிய ஒரு குட்டியின் சிவப்பு இரண்டு மாதத்தில் போய்விட்டது, வெறும் சாம்பல் பச்சை. இந்த ‘ஜோடி’யோ ஒன்றின் வாயை ஒன்று கவ்வி இழுத்துக்கொண்டே இருந்தன. “அது ஜோடி சேர்றதுங்ணா, முட்டை வெக்கப் போவுது” என்றார் விற்றவர். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்றின் மேல் துடுப்பு பாதி இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அண்ணன் தென்னந்தோப்புக்குள் சிமென்ட் தொட்டி கட்டி இந்த வகை மீன்களைப் பல வருஷமாக வைத்திருக்கிறார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஈர வலையில் ஒவ்வொன்றாகத் திருப்பி, வயிற்றுக்கடியில் இருக்கிற சிறு துவாரத்தைக் காட்டினார். பெண்ணுக்கு அங்கே தடித்து மழுங்கலாக இருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். இரண்டுக்குமே கூராக இருந்தது. “தம்பி, ரெண்டும் சேவலுங். எந்த ஜென்மத்துலீங் குஞ்சு எடுக்கறது?”

வீடியோ கதையையும் சொன்னேன். அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் விளங்கியது: “முட்டைய வெச்ச ஒடனே வாயில எடுத்துதுங்களா?” டபாஜோஸ் ரெட் ஹெட் அப்படிச் செய்யாது. கல்லில் முட்டை வைத்து, இரண்டு மூன்று நாள் தாயும் தகப்பனும் காவல் இருந்து, முட்டை பொரிகிற நேரத்தில்தான் வாயில் எடுக்கும். இரண்டுமே மாறி மாறிச் சுமக்கும். வைத்த நிமிஷமே பெண் மட்டும் எடுத்துச் சுமப்பது ரெட் ஹம்ப். அது கொலம்பியாவின் மக்டலேனா ஆற்றுப் பக்கத்து மீன், அறிவியல் பெயரில் ஸ்டைன்டாக்னரி என்பார்கள். ஆணுக்கு நெற்றியில் சிவந்த மேடு இருக்கும். ஹெட், ஹம்ப் என்று பெயர் காதில் ஒரே மாதிரி விழும், வீடியோவில் மங்கலாகச் சிவப்புத் தெரிந்தால் போதும். வேறொரு மீன் குஞ்சு எடுத்ததைக் காட்டி இரண்டு ஆண்களை என் தலையில் கட்டியிருக்கிறார்.

குட்டிகளின் கலர் பற்றியும் அண்ணன் சொன்னார். ரெட் ஹெட் இரண்டு அங்குலத்தில் வெளிறித்தான் இருக்கும், சிவப்பு வளர வளரத்தான் ஏறும். ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்தால் குட்டியிலேயே கலரும் நீண்ட துடுப்பும் வந்துவிடும், பெண்கூட ஆண் மாதிரி தெரியும். தீவனத்தை நிறுத்தினால் கலர் இறங்கிவிடும், அப்படி வளர்ந்த மீன் இனப்பெருக்கத்துக்கு உதவாமல் போகவும் வாய்ப்பு அதிகம். என் குட்டிக்கு நடந்தது இதுதான் என்று நம்புகிறேன்.

விற்றவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “உயிரோட உங்க கைல குடுத்தாச்சுங்ணா. அதுக்கு மேல உங்க தண்ணி, உங்க மண்ணு.” பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் என் கையில் பில் இல்லை, ஜோடி என்று அவர் எழுதிக்கொடுத்த ஒரு வரிகூட இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

நீங்கள் வாங்கப் போனால், வெறுந்தொட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு டப்பா மணல் எடுத்துக்கொண்டு போங்கள். நைசான, முனை இல்லாத மணல். எம்-சாண்ட் வேண்டாம், அது உடைத்த கல், செவுளைக் கீறும். கலர் கல்லும் ஆகாது. ஓரமாக ஒரு கை மணலைப் போட்டு, அதன் மேல் தீவனம் போடச் சொல்லுங்கள். ஆரோக்கியமான மண் தின்னி கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்க்கும், இரண்டு பக்கச் செவுளிலிருந்தும் மணல் வரும். விற்பவர் மணல் போட விடமாட்டேன் என்றால் மீனைத் தொடாமல் வந்துவிடுங்கள். டி.டி.எஸ். மீட்டர் சட்டைப்பையில் போய்விடும், அதையும் எடுத்துப் போங்கள். குட்டி வாங்குவதானால் வெளிறிய குட்டியாகவே ஆறு அல்லது எட்டு வாங்கி, தானாக ஜோடி சேர விடுங்கள். ‘சூரினாமென்சிஸ்’ என்ற இன்னொரு ஜியோபேகஸ் வகை என்று சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டாம், கடையில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் வேறு ஜியோபேகஸ்தான். ‘கன்ஃபார்ம் பேர்’ என்றால் அவர் தொட்டியில் அதே இரண்டு மீனும் முட்டையோடு இருப்பதை நேரில் பாருங்கள். மீனின் பெயர், ஜோடி என்ற சொல், விலை மூன்றையும் வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சண்டை போட்ட ஆண்களில் ஒன்று இப்போது பொள்ளாச்சி அண்ணனிடம் இருக்கிறது. மற்றதும் அந்த ஒற்றைக் குட்டியும் என்னிடம். குட்டி இப்போது மூன்றரை அங்குலம், சிவப்பு திரும்ப வரவில்லை, ஒரு பக்கச் செவுளில் மட்டும்தான் மணல் விடுகிறது. ஆனால் தின்கிறது. போன வெள்ளிக்கிழமை அந்த விற்பனையாளரின் ஸ்டேட்டஸில் அதே கல், அதே பெண் மீன், அதே வீடியோ மறுபடியும் வந்தது. கீழே எழுதியிருந்தார்: ‘டபாஜோஸ் ரெட் ஹெட், கன்ஃபார்ம் பேர், ஒரே ஒரு ஜோடி பாக்கி.’