பாம்பன் பலகைக் கடை: டீக்கு நாலு, பலகைக்கு அஞ்சு

பாம்பன் பஸ் ஸ்டாப்பில் இறங்கி தெற்குவாடிப் பக்கம் நடந்தால், ஐஸ் கம்பெனியைத் தாண்டி நீலத் தகரம் போட்ட கடை. பெயர் எதுவும் எழுதியிருக்காது. 'பலகைக் கடை எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்று வாசல் தூணில் தொங்கும். அதில் தினமும் ஒரு சங்கதியை கடைக்கார பாய் சாக்பீஸால் எழுதி வைப்பார். எல்லாம் 'அட, அப்படியா' என்று வாயைப் பிளக்கிற ரகம்.

நான் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். படகு கரை ஏறும் நேரம்தான் என் ஆபீஸ் நேரம், அதனால் இந்தக் கடையில் டீ குடிக்காத நாள் குறைவு.

முதலில் டீயை முடித்துவிடுகிறேன். ஸ்ட்ராங்காக இருக்கும், சர்க்கரை தூக்கல், குறைக்கச் சொன்னால்தான் குறைப்பார். பருப்பு வடை மொறுமொறு. கீழக்கரையிலிருந்து அவர் மச்சினர் வரும்போது தொதல் இருக்கும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து எண்ணெய் கக்கி நிற்கும் அதை வாங்காமல் வராதீர்கள். கிளாஸ் கழுவுகிற வாளித் தண்ணீரை இன்னும் அடிக்கடி மாற்றலாம். ஒரு ஸ்டாரைக் குறைத்தது அதற்குத்தான்.

இனி பலகை. அதிசயத் தகவல் இப்போது எல்லார் போனிலும் கொட்டிக் கிடக்கிறது, அதற்காக ஒருவர் கடைக்கு வரவேண்டியதில்லை. இந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பலகையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் 'எப்படி?' என்று கேட்கலாம். பாய் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் கேட்டவருக்கு டீ ஓசி, பலகையும் உடனே அழிபடும். இதனாலேயே மனுஷர் ராத்திரி கண்ணாடி போட்டு உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறார். சவுதியில் லாரி ஓட்டிய காலத்தில், பாலைவன ரோட்டில் தூக்கம் வராமலிருக்கப் படிக்க ஆரம்பித்த பழக்கமாம். லாரியை நிறுத்திவிட்டுப் படித்தாரா, ஓட்டிக்கொண்டே படித்தாரா என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் 'கணவாய்க்கு மூன்று இதயம்' என்று எழுதியிருந்தார். கணவாய் சுத்தம் பண்ணுகிற அக்கா ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து கணவா அறுக்குறேன் பாய், ஒரு இதயத்தக்கூட நான் பாக்கலயே?" பாய் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒண்ணு கொண்டாங்கக்கா, ஒடைக்காம" என்றார். மறுநாள் வாழையிலையில் வைத்து அறுத்தார்கள். செவுளுக்கு ஒன்றாக ரெண்டு பக்கமும் சின்னதாய் ரெண்டு, நடுவில் பெரிசாய் ஒன்று. பக்கத்து ரெண்டும் செவுளுக்கு ரத்தத்தைத் தள்ள, நடுவில் இருப்பது உடம்புக்கு. ரத்தம் எங்கே என்று அந்த அக்கா விடவில்லை. நம் ரத்தத்தில் இரும்பு, அதனால் சிவப்பு. கணவாய்க்கு செம்பு, காற்றுச் சேர்ந்தால் நீலம், இல்லாவிட்டால் நிறமே இருக்காது என்றார் பாய். அக்கா ஒத்துக்கொண்டு காசு கொடுத்துவிட்டுப் போனது.

எனக்குப் பிடித்தது சுறா எழுதிய நாள். 'மரம் தோன்றும் முன்பே சுறா தோன்றிவிட்டது.' சுறா 40 கோடி வருஷத்துக்கும் மேலே, முதல் மரங்கள் ஏறக்குறைய 38 கோடி. "சுறாவுக்குத்தான் எலும்பே இல்லையே, எல்லாம் குருத்து. அது மண்ணுல நிக்காதே, பெறகு எப்படித் தெரியும்?" என்று ஒரு சம்மாட்டி, படகு முதலாளி, மடக்கினார். நல்ல கேள்வி. பல்லும் தோல்மேல் இருக்கும் சொரசொரப்புச் செதிலும் கெட்டி, அவை கல்லாகிக் கிடைத்திருக்கின்றன என்றார் பாய். அதோடு முடியவில்லை. சுறாவை ஒரு நாள் ஐஸ் இல்லாமல் வைத்தால் மூத்திர வாடை அடிக்கிறதே, அது ஏன் என்று இன்னொருத்தர் ஆரம்பித்தார். கடல் உப்பு உடம்பில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கப் பார்க்கும். அதைத் தடுக்க சுறா தன் உடம்பிலேயே யூரியாவைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. செத்த பிறகு கிருமிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும், வாடை அதுதான். சுறாவை சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, மஞ்சள் சேர்த்துப் புட்டு பண்ணுகிற ஊர் இது. எங்கள் வீட்டில் இதை நான் சொன்னபோது, "யூரியாவா, வயலுக்குப் போடுறதா?" என்றுதான் கேட்டார்கள். அதே சரக்குதான்.

வாட்ஸ்ஆப் சரக்குக்கு இங்கே இடமில்லை. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பதை எழுதச் சொல்லி ஒரு தம்பி மல்லுக்கு நின்றான். பாய் வடக்கே கையைக் காட்டினார். "தலைமன்னார் இங்கேருந்து சுமாரா அறுபது கிலோமீட்டர்தான். அங்க உள்ள வீட்டுச் சுவர் ஒனக்குத் தெரியுதா? நிலா 3,84,000 கிலோமீட்டர்." தலைமன்னார் இருப்பது கிழக்கே. அதை ஏழெட்டுப் பேர் சேர்ந்து திருத்தினோம், வாதத்தை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. 2003-இல் விண்வெளிக்குப் போன சீனாவின் முதல் ஆளான யாங் லிவெய்யே, பூமிக்குப் பக்கத்துச் சுற்றிலிருந்து சுவர் தன் கண்ணுக்குப் படவில்லை என்றுதான் சொன்னார்.

பாய் தோற்றதும் உண்டு. 'வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள் ஒரு வருஷத்தைவிடப் பெரிது' என்று எழுதியிருந்தார். பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே கேட்டான்: "மாமா, சூரியன் உதிச்சு மறுபடி உதிக்கிறதுதானே நாளு? அதக் கணக்குப் பண்ணுனீங்களா?" பாய் தாடியைத் தடவினார், துண்டை எடுத்து அழித்தார், டீ ஆற்றிக் கொடுத்தார். மறுநாள் திருத்தி எழுதியது முன்னதைவிட நன்றாக இருந்தது: வெள்ளி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள், ஆனால் அது தலைகீழாகச் சுழல்வதால் ஒரு உதயத்துக்கும் மறு உதயத்துக்கும் நடுவே 117 நாள்தான், சூரியன் அங்கே மேற்கில் உதிக்கும். பையன் அதையும் படித்துவிட்டு தலையாட்டினான், காசு கொடுத்து டீ குடித்தான்.

கிளியோபாட்ரா, பிரமிடு கட்டிய காலத்தைவிட மனுஷன் நிலாவில் கால் வைத்த காலத்துக்குத்தான் கிட்டத்தில் இருந்தாள் என்று ஒருநாள். கணக்குச் சரிதான், ஆனால் கூட்டம் சேரவில்லை.

கூட்டம் சேர்ந்தது டயோமீடு தீவுகளுக்கு. ரஷ்யாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, நடுவே கடல் 4 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் தேதிக் கோடு குறுக்கே போவதால் கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் வித்தியாசம். அதைப் படித்த வயசான நாட்டுப்படகுக்காரர் ஒருவர், "இதென்ன பெருசு? நம்ம பக்கமும் நடந்துச்சே" என்றார். இலங்கை வானொலியில் ஏழு மணி என்று அறிவிப்பு வருமாம், வீட்டுக் கடிகாரத்தில் ஆறரை. ரேடியோவைத் தட்டிப் பார்த்தாராம். பாய்க்கே இது புதுசு. தேடிப் பார்த்து மறுநாள் பலகை முழுக்க எழுதினார்: 1996 மே மாதம் மின்சாரம் மிச்சப்படுத்த இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்தது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. புலிகள் வசமிருந்த பகுதிகளில் அத்தனை வருஷமும் பழைய மணிதான். அன்றைக்குப் பெரியவருக்கு டீ, வடை, தொதல் எல்லாம் கடைக் கணக்கு.

எனக்கு ஒரு குறை உண்டு. வெளியூர் வண்டிகள் வந்ததிலிருந்து பாய் பாலத்தைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார். 1914 பாலத்தை ஆட்கள் நின்று கையால் திறந்தார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். சரிதான், ஆனால் அது எங்களுக்கு வாசலில் இருப்பது. படம் எடுக்கிறவர்கள் பலகைக்கு முன்னால் நின்று வழியை மறைத்துவிட்டு டீ குடிக்காமல் போகிறார்கள். அந்த இடத்தில் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, எழுதலாம். கடல்பசு திமிங்கிலத்துக்கு அல்ல, யானைக்குத்தான் நெருங்கின சொந்தம் என்று எழுதியபோது சண்டை மத்தியானம் வரை நீண்டது. கடைசியில் ஆண் கடல்பசுவின் கொம்பும் யானைத் தந்தமும் ரெண்டுமே முன்வெட்டுப் பல்தான், பால்மடி ரெண்டுக்கும் மார்பில்தான் என்று பாய் சொன்ன பிறகுதான் ஆட்கள் எழுந்தார்கள்.

போகிறவர்களுக்கு: கடலுக்குப் போகிற நாட்களில் கடை விடியற்காலை மூணு மணிக்கே திறந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் ஆறு மணிக்கு மேல்தான், ஆனால் வாதம் நன்றாக நடப்பது அப்போதுதான், எல்லாரும் சும்மா இருப்பார்கள். பெண்கள் உட்கார உள்ளே ரெண்டு சேர் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் வடை கிடைக்காது. போனில் காசு அனுப்பலாம். கேள்வி கேட்டு ஜெயித்தால் டீ மட்டும்தான் ஓசி, வடைக்குக் காசு வைக்க வேண்டும்.