பத்து ரூபாய்த் தேநீர், லவுஞ்ச், புளியோதரைப் பொட்டலம்: சென்னை விமான நிலையத்தில் எது தேறும்?

2018 மார்ச்சில் முன்னாள் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் ஒரு கடையில் தேநீர் கேட்டார். வெந்நீரும் ஒரு தேயிலைப் பையும் தருவோம், விலை 135 ரூபாய் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து ட்விட்டரில் எழுதினார். காப்பி 180 ரூபாய் என்றதும் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ‘நிறையப் பேர்’ என்று பதில் வந்திருக்கிறது. ஒரு நாட்டின் நிதிக்கே கணக்குப் பார்த்தவர் மலைத்த விலை அது.

2025 பிப்ரவரி 27-ஆம் தேதி அதே விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ என்ற மலிவு விலைச் சிற்றுண்டிக் கடை திறக்கப்பட்டது. அங்கே தேநீர் 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காப்பி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய். கொல்கத்தாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. விமான நிலைய விலைகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த அதே குளிர்காலத்தில் வந்தது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். இந்தக் கடை இருப்பது பாதுகாப்புச் சோதனைக்கு முந்தைய பகுதியில். விமானப் பயணியின் பசி பெரும்பாலும் சோதனை முடிந்து, பெல்ட்டையும் செருப்பையும் திரும்ப மாட்டிக்கொண்டு, விமானம் ஏறும் வாயிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எழுகிறது. அதுவரை ‘உள்ளே போய்விடுவோம், வரிசை நீளமாக இருக்கிறது’ என்ற பதற்றம்தான் வயிற்றை நிறைத்திருக்கும். எனவே மலிவு விலைக் கடையைப் பயன்படுத்த விரும்புகிறவர் கால் மணி நேரம் முன்னதாக வந்து, பசிக்காதபோதே சாப்பிட்டுவிட வேண்டும். காலையில் சீக்கிரம் கிளம்பும் குடும்பங்களுக்கு இது சரிப்படும். தேநீரும் சமோசாவும் சிற்றுண்டி. முழு உணவை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

சோதனையைத் தாண்டிய கடைகளின் விலை உயர்வுக்குப் பேராசை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விற்பனையில் ஒரு பங்கு அல்லது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்பதுதான் விமான நிலையக் கடைகளின் வழக்கமான ஒப்பந்தம். கூட்டம் குறைந்த மாதத்திலும் அந்தத் தொகை குறையாது. வாங்குகிறவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. சரி, காரணம் புரிகிறது. அதற்காக நாலு இட்லிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணத்தைக் கொடுக்க மனம் வருவதில்லை. உள்ளே எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் தேர்வு கண்முன்னே சுடும் தோசை. சூட்டுப்பெட்டியில் காத்திருக்கும் பொங்கலும் வடையும் கடைசி. தண்ணீரை வாங்கவே வாங்காதீர்கள். காலி பாட்டிலோடு போனால் உள்ளேயே குடிநீர்க் குழாய் இருக்கிறது. பொட்டலப் பொருளுக்கு இடத்துக்கு ஏற்ற மாதிரி இரண்டு விதமான எம்.ஆர்.பி. (அதிகபட்ச சில்லறை விலை) அச்சிடுவது 2018 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மேசை போட்டுப் பரிமாறும் உணவகங்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று அதற்குச் சில நாள் முன்பு, 2017 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே சண்டை போடும் முன் நீங்கள் நிற்பது கடையா, உணவகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லவுஞ்ச், அதாவது சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் உள்ளே இருக்கும் தனிக் கூடம், பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. ரூபே அட்டையைத் தேய்த்தால் 2 ரூபாய்தான், உள்ளே வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். இப்போது பல வங்கிகள் முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று நிபந்தனை வைத்துவிட்டன. அந்த 2 ரூபாய்க்காகத் தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் அட்டையில் செலவழிப்பவர்களை நான் அறிவேன். வாசலில் வரிசை, உள்ளே தட்டோடு இடம் தேடல், மூடியைத் திறந்தால் மேல்தோல் காய்ந்து ஓரம் வெடித்த இட்லி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால், கைபேசிக்கு மின்னேற்றவும் காலை நீட்டவும் இடம் கிடைக்கிறதே என்று போகலாம். முக்கால் மணி நேரம்தான் கையில் இருந்தால் வேண்டாம்.

விமானத்துக்குள் வாங்குவது இன்னொரு வழி. இண்டிகோவில் உப்புமா, அவல் வகைகள் கோப்பையில் வருகின்றன. வெந்நீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் ரவை ஊறிக்கொள்ளும். பசிக்கு ஓடும், ருசிக்கு ஓடாது. கோவைக்கோ பெங்களூருக்கோ போகும் ஒரு மணி நேரப் பயணத்தில் உணவுத் தள்ளுவண்டி உங்கள் வரிசைக்கு வருவதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடும். டெல்லிப் பயணத்துக்கு என்றால் டிக்கெட்டோடு முன்பதிவு செய்துகொள்வது விலையிலும் நல்லது, கேட்டது கிடைக்கும் என்ற நிச்சயமும் உண்டு.

இவை எல்லாவற்றையும் தோற்கடிப்பது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பொட்டலம்தான் என்பேன். சிக்கனம் மட்டும் காரணமில்லை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும். ஈரப்பதமும் மிகக் குறைவு. மூக்கு உலர்ந்து மணம் தெரியாமல் போகிறது, உப்பும் இனிப்பும் நாக்கில் மங்குகின்றன. அந்த இடத்தில் இட்லி, தயிர் சாதம் போன்ற மென்மையான பண்டங்கள் சப்பென்று ஆகிவிடும். புளியும் காரமும் நல்லெண்ணெயும் தூக்கலான புளியோதரை அங்கேதான் நிமிர்ந்து நிற்கும். முதல் நாள் இரவே கிளறி வைத்தால் ஊறி இன்னும் நன்றாக இருக்கும். இட்லிதான் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கி, மேலே தாள் சுற்றுங்கள். பொடி ஊறிய இட்லி கையில் ஒட்டாது, தொட்டுக்கொள்ளத் தனிக் கிண்ணம் தேவையில்லை. சட்னியும் சாம்பாரும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கையில் எடுத்துப்போவதில் தொல்லை தரக்கூடியவை சில. வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம், குழம்பு, தயிர் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைச் சோதனைக் காவலரிடம் காட்டி வாதாடுவதைவிட, கையில் வைத்துக்கொள்ளாமல் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிடுவது மேல். தேங்காய்க்கும் தடை உண்டு. சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் இருமுடியில் உள்ள தேங்காயைக் கைப்பையில் எடுத்துச்செல்ல 2024 அக்டோபரில் தனியாக அனுமதி கொடுத்தார்கள். அந்த முறை கொடுத்தது 2025 ஜனவரி 20 வரைக்கும்தான். பக்கத்து இருக்கைக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்: கருவாடும் அவித்த முட்டையும் மூடிய விமானத்தில் நீண்ட நேரம் தங்கும்.

விமானம் தாமதமானால் கணக்கு மாறிவிடும். இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் பயணம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், காத்திருக்கும் பயணிக்கு உணவோ சிற்றுண்டியோ விமான நிறுவனம் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. மதுரை, கோவை, மும்பை எல்லாம் இதில் அடங்கும். டெல்லி போன்ற சற்று நீண்ட பயணத்துக்கு மூன்று மணி நேரம். பெரும்பாலும் அவர்களாக அறிவிக்க மாட்டார்கள். வாயிலில் இருக்கும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டி ‘சாப்பாட்டு கூப்பன் எங்கே தருகிறீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள்.