சென்டினல் கணு ஸ்கேனுக்கு ஆல்புமின் நானோகொலாய்ட் கிட்: வாங்கலாமா?

மார்பகப் புற்றுநோயில் சென்டினல் கணுவை, அதாவது புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவை, கதிரியக்கத் துகளால் தேட என்றால் இந்தக் கிட் காசுக்குத் தகும். கல்லீரல், மண்ணீரல் ஸ்கேனுக்கும் சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். அதற்குக் கந்தகத் துகளால் ஆன சல்பர் கொலாய்டே தாராளம்.

குப்பியில் இருப்பது மனித ஆல்புமின் (ரத்தப் புரதம்) துகளும், கதிரியக்க டெக்னீசியத்தை அதில் ஒட்டவைக்கும் துளி ஸ்டானஸ் குளோரைடும். துகள்களில் 95 சதவீதம் 80 நானோமீட்டருக்குள் அடங்கும்; அதனால் நிணநீரில் சட்டென்று ஓடுகிறது. சல்பர் கொலாய்டைப் போல கொதிநீரில் போட்டு, ஆறவிட்டு, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிக்கும் பாடு இல்லை. டெக்னீசியத்தை விட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, அரை மணி நேரம் வைத்தால் போதும். ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். லேபிளில் உள்ள ‘அறை வெப்பம்’ 25 டிகிரி. மே மாதத்துச் சென்னை அறை அல்ல. ஏசி நின்றால் குப்பியை நம்பாதீர்கள்.

கிட் மோசம் என்று வரும் புகார்களில் பல, டெக்னீசியத்தைக் கறந்தெடுக்கும் கலமான ஜெனரேட்டர் பக்கத்துத் தவறு. சனி, ஞாயிறு கறக்காமல் விட்ட ஜெனரேட்டரில் படத்துக்கு உதவாத பழைய டெக்னீசியம்-99 தேங்கி, ஸ்டானஸைத் தின்றுவிடும். திங்கள் காலை முதல் எலூட்டை (கறந்த கரைசலை) ஒதுக்குங்கள். சில மணி நேரம் கழித்து வரும் இரண்டாவதே இதற்கு. காற்றும் எதிரிதான்: குப்பியில் காற்று புகவிடும் வென்ட் ஊசி குத்தாமல், விட்ட மில்லிக்குச் சமமாக உள்ளிருக்கும் வாயுவை அதே சிரிஞ்சில் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப் சோதனையைத் தவிர்க்காதீர்கள். சோதனைத் தாளின் அடியில் ஒரு சொட்டு, காயவிடாமல் உடனே அசிட்டோனில். கொலாய்ட் அடியிலேயே நிற்கும், ஒட்டாத டெக்னீசியம் உச்சிக்கு ஏறும். உச்சியில் 5 சதவீதத்துக்கு மேல் என்றால் குப்பியைக் கழித்துவிடுங்கள். மீறிப் போட்டால் படத்தில் தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரியும்.

முலைக்காம்பு வட்டத்தின் ஓரம், தோலுக்குள் 0.2 மில்லி. அக்குள் பக்கத்துக் கட்டியைச் சுற்றிப் போட்டால் அந்த ஒளிர்விலேயே கணு மறைந்துவிடும். மார்பகத்தை நடுப்பக்கம் இழுத்து டேப் ஒட்டிப் படமெடுத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். மாலை 4 மணிக்குப் போட்டு மறுநாள் 10 மணிக்கு அறுவை என்றால் கதிரியக்கத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2 மில்லிக்யூரி போட்டால், அறுவையில் கதிரை உணர்ந்து கணுவைத் தேடும் ப்ரோபுக்கு 0.25.

விலைதான் உறுத்தல். ஒரு நோயாளிக்காகக் குப்பியைத் திறப்பது வீண். மூன்று, நான்கு பேரை ஒரே நாளில் வரவையுங்கள். ஆல்புமின் ஒவ்வாமை உண்டா என்று முந்தின நாளே ஃபோனில் கேட்டுவிட்டால், கலக்கிய பிறகு ஆள் குறையாது.