கருப்பிக்கு வாங்கிய கிளிஞ்சல் குருணை

கிலோ 40 ரூபாய். பெயரோ படமோ இல்லாத பை. தீவனக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தார்கள். இதற்கு முன் 220 ரூபாய் கொடுத்து வாங்கிய கால்சியம் டானிக் ஜன்னலோரம் பாதியில் நிற்கிறது. என் கோழி கருப்பியின் வாயில் போனதைவிட என் புடவையில் சிந்தியதுதான் அதிகம்.

வீட்டிலுள்ள ஐந்து கோழிகளில் இவள்தான் மூத்தவள். பொங்கல் கழிந்ததிலிருந்து ஓடு கெட்டிப்படாத தோல் முட்டையாக இட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியும் ஓடிவரவில்லை. வாலைத் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்று முக்கிக்கொண்டிருந்தாள். போட்ட கம்புத் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்நடை மருந்தக டாக்டர் விரலில் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு, "முட்டை மாட்டியிருக்கிறது. நீங்களாக உள்ளே உடைத்துவிடாதீர்கள் அம்மா, ஓடு குத்திக் கிழித்துவிடும்" என்றார். வயிறு நனைய வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம், பிறகு இருட்டான அட்டைப்பெட்டி. மதியம் முட்டை வந்தது. அதுவும் தோல்தான், ஒரு பக்கம் சப்பிப்போய். ஓடு கெட்டியில்லாத முட்டையைத் தள்ளக் கோழிக்குப் பிடிமானம் கிடைக்காதாம். இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்று, கால்சியம் குறைவு என்று அப்போதுதான் விளங்கியது.

குருணை டாக்டர் சொன்னதுதான். ஒரு முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. கோழி தூங்கும் இரவிலும் அந்த வேலை நடக்கிறது. பொடி சீக்கிரம் கரைந்துவிடும், குருணை அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரையும். தீவனத்தில் கலப்பதில்லை, அவ்வளவு சுண்ணாம்பு குஞ்சுகளின் சிறுநீரகத்துக்கு ஆகாது. குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் தனிக் கொட்டாங்கச்சியில் வைக்கிறேன். சாயங்காலம்தான் அங்கே கூட்டம்.

குறையும் உண்டு. முதல் கிலோவில் கால் பங்கு பொடி. கேட்டதற்கு, "அடி மூட்டை, அப்படித்தான் வரும்" என்றார் கடைக்காரர். கோதுமை மாவுச் சல்லடையைப் பலிகொடுத்துச் சலித்தேன். பொடி ரோஜாத் தொட்டிக்குப் போனது. நத்தை ஓட்டின் சுருள்கூட முழுசாக ஒன்று கிடந்தது. கருவாட்டு வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு நாள் வந்து ஏமாந்தது. அடுத்த முறை புது மூட்டை பிரித்த அன்றே போய் வாங்கினேன், பொடி அவ்வளவாக இல்லை.

இந்த ஈட்டில் பதினொரு முட்டை. முதல் இரண்டின் ஓடு சொரசொரப்பு, மற்றவை கெட்டி. இப்போது அடை படுத்திருக்கிறாள். கையை நீட்டினால் கொத்துகிறாள். கொட்டாங்கச்சியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.