கேத்திப் பள்ளத்தாக்கா, லாங்வுட் சோலையா? நீலகிரியில் காலாற நடக்க எது தோது

மலையேற்றமெல்லாம் வேண்டாம், காலாற நடந்தால் போதும் என்று நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு மூன்று இடங்கள் தோதானவை. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள், கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை, கோத்தகிரி–குன்னூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டச் சாலைகள். வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக் கூட்டிப் போக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது நாங்கள் எடுத்தது கேத்தி. இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்வேன். அழகைப் பார்த்தால் சோலைதான் ஒரு படி மேல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர், பச்சை, நல்ல காற்று இவற்றில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சமவெளியிலிருந்து வந்த முதல் நாள் எங்கே ஏறினாலும் மூச்சு வாங்கும். அன்று பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். பாதை சீராக இருக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் பெரும்பாலானவை தனியார் நிலம். வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேயிலைச் செடி இடுப்புயரம் நிற்பதால் அதற்குள் படுத்திருக்கும் காட்டெருமையோ கரடியோ பத்தடி வரும்வரை தெரியாது. கோத்தகிரிப் பக்கம் கரடி நடமாட்டம் ஊரறிந்த விஷயம். கொழுந்து பறிப்பவர்கள் வேலை செய்கிற நேரத்தில், அவர்கள் இருக்கும் பக்கமாக ஒரு மணி நேரம் நடக்கலாம். விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டாம்.

லாங்வுட் சோலை சுமார் 116 ஹெக்டேர். சுற்றிலும் ஊர்களும் தேயிலையும் நெருக்க, நடுவே தப்பிப் பிழைத்த பழைய காடு. சுற்றுக் கிராமங்களுக்குக் குடிநீர் ஊறுவதும் இங்கேதான். உள்ளே நுழைந்ததும் வெயில் அணைந்துவிடும். பாசி மூடிய மரங்கள், மரப்பெரணிகள், தலைக்கு மேலே கிளை தாவும் மலையணில். பறவை பார்க்கிறவர்கள் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், இங்கேயே போய்விடலாம். ஆனால் இது காப்புக்காடு. கோத்தகிரியில் வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் நுழையக் கூடாது. அன்று காலை போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காமல், முந்தின நாளே விசாரித்துவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.

மழை பெய்தால் அட்டை. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, கல்லுப்பை ஒரு துணியில் முடிந்து ஈரமாக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய அட்டையின் மேல் முடிச்சை ஒற்றினால் தானே விழும். பிடித்து இழுத்தால் கடிவாய் புண்ணாகி நாள்கணக்கில் அரிக்கும். சோலை ஓரத்தில் தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடியும் உண்டு, பிடிமானத்துக்குக் கண்ட செடியைப் பற்றாதீர்கள். கோத்தகிரி கிழக்குச் சரிவு என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அங்கே நல்ல மழை. அந்த மாதங்களில் சோலைக்குள் நடந்த பழக்கம் எனக்குக் குறைவு. அதனால் ஜனவரிக்குப் பிறகு போங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி கேத்தி. ஊட்டி மலை ரயில் பாதையில் லவ்டேல் நிலையம் சுமார் 2,345 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கேத்தி நிலையம் சுமார் 2,090 மீட்டரில். ஆகவே லவ்டேல் பக்கம் தொடங்கிக் கீழே இறங்குங்கள். கேத்தியில் தொடங்கினால் அதே 250 மீட்டரை ஏற வேண்டும், அப்புறம் அது காலாற நடப்பதாக இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கமும் சிரமம்தான். அவர்களைப் பஸ்ஸில் நேராகக் கேத்தி பாலாடாவில் இறங்கச் சொல்லிவிட்டு, ஓடையை ஒட்டிய சமதளத்தில் மட்டும் நடக்க வைக்கலாம்.

இரண்டு பக்கமும் படிப்படியாகத் தோட்டங்கள்: கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட், பூண்டு. ஊட்டியில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் என்று எண்ணி வருகிறவர்களுக்கு இது வேறு ஊட்டி. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம் ஓடினால் கொஞ்சம் நின்று பாருங்கள். மண் அப்பிய கேரட்டை உருளைக்குள் கொட்டுகிறார்கள். அது சுழலச் சுழல உள்ளே தண்ணீர் பீய்ச்சுகிறது. முதலில் செங்காவி நிறத்தில் சேறு வழிகிறது, பிறகு கலங்கல், பிறகு தெளிவு. கதவைத் திறந்ததும் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று சரிகிறது. அங்கிருந்து மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறும்.

வரப்பில் நடக்கச் சில முறைகள் உண்டு. வரப்பின் விளிம்பை மிதித்தால் மண் சரிந்து கீழ்ப்பாத்தியில் விழும், நடுவில் காலை வையுங்கள். கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக. ஸ்பிரிங்க்ளர் குழாயை மிதித்தால் இணைப்பு கழன்றுகொள்ளும், தாண்டிப் போங்கள். மருந்து அடித்துக்கொண்டிருந்தால் காற்று வரும் திசைப் பக்கமாக ஒதுங்கி, அவர்கள் முடிக்கும்வரை நில்லுங்கள். உரமும் மருந்தும் வடிந்து சேருவதால் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வாயில் வைக்க வேண்டாம். ஆள் இருந்தால் ‘இப்படிப் போலாமாண்ணா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வழியும் சொல்வார்கள், எங்கே சேறு என்றும் சொல்வார்கள். ஈரமான செம்மண் வழுவழுப்பான அடியுள்ள ஷூவை நிற்கவிடாது. ஆழமாகப் பள்ளம் வெட்டிய அடியுள்ள ஷூ, மழைநாளென்றால் தோட்டத்துக்காரர்கள் போடும் கம்பூட்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்கின் அடியில் உறைபனி விழும். வெயில் ஏறும்வரை புல்லும் கல்லும் வழுக்கும், ஒன்பது மணிக்கு மேல் கிளம்புவது நல்லது. காட்டெருமை இங்கேயும் வரும், முட்டைக்கோஸ் அதற்கும் பிடிக்கும். ஆனால் திறந்த வெளி என்பதால் தூரத்திலேயே தெரிந்துவிடும், சுற்றிக்கொண்டு போக அவகாசம் இருக்கும். தனியாக நிற்கும் ஆண் காட்டெருமையைக் கண்டால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.

என்னைக் கேத்திப் பக்கம் சாய்த்தது இதெல்லாம்கூட இல்லை. வீடு திரும்பும் வழிதான். பெரியவர்களோடு நடக்கும்போது எட்டு கிலோமீட்டர் நடப்போமா, இரண்டோடு முடியுமா என்று கிளம்பும்போது யாருக்கும் தெரியாது. சோலைக்குள் பாதி தூரத்தில் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டால், போன தூரம் முழுவதையும் நடந்தே திரும்ப வேண்டும். அதுவும் சறுக்கும் வேர்கள் மேல், வெளிச்சம் சீக்கிரம் மங்கும் இடத்தில். ஆட்டோவை உள்ளே கூப்பிட முடியாது.

கேத்தியில் அப்படியில்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் படுகர் ஹட்டிகள், அதாவது படுக மக்களின் ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். தோட்டத்திலிருந்து மேலேறினால் ஊர், ஊருக்குத் தார்ச்சாலை, சாலையில் பஸ்ஸோ காய்கறி ஏற்றும் பிக்கப்போ. கேத்திக்கு மேலே எல்லநள்ளி. ஊட்டி–குன்னூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் அது, பகல் முழுக்கப் பஸ் ஓடும். நடையை எந்த இடத்திலும் முடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால்தான் பெரியவர்களும் அவசரப்படாமல் நடக்கிறார்கள், ரசிக்கிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை: கடைசியில் எல்லநள்ளிக்கு ஏறும் மேட்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். களைத்த காலுக்கு அது நீளம். கேத்தியிலேயே பஸ் நேரத்தைக் கேட்டு உட்கார்ந்துவிடுவது மேல். மலை ரயிலில் திரும்பலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஊட்டி–குன்னூர் இடையே ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், சீசனில் நடு நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது துர்லபம். போகும்போது ஊட்டியில் ஏறி லவ்டேலில் இறங்க ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வரும் நேரம் இல்லையே என்று தண்டவாளத்தில் மட்டும் நடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி அது குற்றம், வளைவுகளில் ஒதுங்க இடமும் இருக்காது.

சொந்த வண்டியில் வந்தால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம், அரசுப் பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. இறங்குகிற இடமும் ஏறுகிற இடமும் வேறு வேறு என்பதால் கேத்தி நடைக்குச் சொந்த வண்டி உபயோகமும் இல்லை. லாங்வுட்டுக்கு அது நேர்மாறு: போன இடத்துக்கே திரும்பி வருவதால் வண்டியைக் கோத்தகிரியில் நிறுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள்.